கடல் கடந்து கற்ற ஆனந்திபாய்

பிற தேசம் சென்று கற்றுத் திரும்புவோரை நாம் மாலையிட்டு வரவேற்கிறோம். அவர் பெற்ற பட்டத்தைப் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் புறப்பட்ட நாளுக்கும் பட்டம் பெற்ற நாளுக்கும் இடையே, அந்நிய ஊரிலே ஒரு வாடகை அறையில் அவர் என்ன உண்டார், எவ்வாறு குளிரைத் தாங்கினார், நோயுற்றபோது யார் அருகிருந்தார் என்று கேட்பவர் அரியர். பரீட்சையில் தேறுவதற்கு முன் அன்றாட வாழ்க்கையில் தேற வேண்டியிருக்கிறதென்பதை வீட்டிலிருப்போர் நினைப்பதில்லை. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தும் சரிதங்களுள் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையாரின் சரிதத்தைப் போன்றது வேறொன்றை நாம் அறியோம்.

மகாராஷ்டிரத்தில் கல்யாண் என்னும் ஊரைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தில் 1865-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பதாவது வயதிலே, தம்மினும் ஏறக்குறைய இருபது வயது மூத்தவரும் தபால் இலாகா உத்தியோகஸ்தருமான கோபாலராவ் ஜோஷிக்கு வாழ்க்கைப்பட்டு ஆனந்தி என்னும் பெயர் பெற்றார். பதினான்காவது வயதிற் பிறந்த ஆண் குழந்தை பத்தே நாளில் இறந்தது. ஆண் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்ல நாணி எத்தனையோ மாதர் மடிகின்றனரென்றும், பெண்களுக்குப் பெண்ணே வைத்தியராக வேண்டுமென்றும் அந்த இளம் தாய் உறுதி கொண்டார்.

மனைவியை அமெரிக்காவிற் படிக்கவைக்க விரும்பிய கோபாலராவ், அந்நாட்டுப் பாதிரியார் ஒருவருக்கு உதவி கோரி எழுதினார். கிறிஸ்து மதத்தைத் தழுவினால் காரியம் எளிதாகுமென்ற குறிப்போடு பதில் வந்தது. தம்பதிகள் அதற்கு இசையவில்லை. எனினும் அக்கடிதங்கள் பாதிரிமார் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. நியூஜெர்ஸி இராஜ்யத்தில் ரோஸெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிஷியா கார்ப்பெண்டர் என்னும் மாது, 1880-இல் பல் வைத்தியர் வீட்டில் காத்திருந்த வேளையில் அப்பத்திரிகையைப் புரட்ட நேர்ந்தது. கண்டறியாத பெண்ணொருத்திக்காக அவர் மனமிரங்கிக் கடிதம் எழுதினார். அன்று தொடங்கிய உறவில், ஆனந்திபாய் அவரைத் தம் தாயுடன் பிறந்தவராகவே பாவித்துச் சிற்றன்னை முறை சொல்லி எழுதலானார்.

வங்காளத்தில் ஸ்ரீராமபுரத்துக் கலாசாலை மண்டபத்தில் 1883-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் குறிப்பிடத்தக்கது. சென்னையில் பெண்கள் வைத்தியம் பயில 1875-லேயே வழி திறந்திருந்தது. ஆயினும் இந்நாட்டில் மாதருக்குக் கிடைத்த போதனை போதாதென்றும், போதிப்பவர்கள் பழைய போக்கினரென்றும் அவர் கருதினார். ஜாதிப் பிரஷ்டத்திற்கு அஞ்சவில்லை யென்றும், ஹிந்துவாகவே சென்று ஹிந்துவாகவே திரும்புவதாகவும் சபையோர் முன் கூறினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு நிரம்பவில்லை. நகைகளை விற்றுப் பிரயாணச் செலவுக்குப் பொருள் சேர்த்து, கணவர் உடன்வராமலே ஏப்ரலில் கல்கத்தாவிற் கப்பலேறி, ஜூன் மாதத்தில் நியூயார்க் துறைமுகம் சேர்ந்தார்.

அந்தக் கோடைக்காலத்தை ரோஸெலில் கழித்ததே அவர் பெற்ற பெரும் பாக்கியம். புது ஊரில் வந்திறங்குபவனுக்கு வேண்டுவது உபதேசமன்று. வேளைக்குச் சோறும், பெயர் சொல்லி அழைக்கும் குரலுமே. கார்ப்பெண்டர் குடும்பத்தார் அவற்றைக் கொடுத்தனர். அம்மையாரும் விருந்தாளியாக ஒதுங்கி யிராமல் அவ்வீட்டாரோடு ஒருவராகப் பழகினார். தம் வழக்கம் எதையும் மறைத்துக் கொள்ளவுமில்லை. பிறர் வழக்கத்தை இகழவுமில்லை.

இலையுதிர் காலத்தில் பிலடெல்பியா நகரத்துப் பென்ஸில்வேனியா மாதர் வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார். தலைவியாராயிருந்த ரேச்சல் பாட்லி அம்மையார் அன்புடன் வரவேற்றார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் கலாசாலை தரக்கூடியது வேறு, வீடு தரக்கூடியது வேறு. தங்கியிருந்த அறையில் கணப்பு செவ்வையாக இல்லை. மூட்டினால் அறை முழுதும் புகை சூழும். மூட்டாவிட்டால் உடல் விறைக்கும். புகையோ குளிரோ, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நிலைமை. மாமிசம் புசியாத அவருக்கு அவ்வூரில் தக்க உணவு எளிதிற் கிடைக்கவில்லை. படித்துக் களைத்த பின் தாமே சமைத்துக்கொள்ள வேண்டும். முன்னரே தலைவலியும் காய்ச்சலும் அடிக்கடி வாட்டிய தேகம் அது. நாளடைவில் க்ஷயரோகம் அவ்வுடலிற் குடிபுகுந்தது.

இங்கே நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது உடை பற்றிய ஒரு செய்தி. மராட்டியப் பெண்கள் கச்சமிட்டுக் கட்டும் புடைவை முறையில் கணைக்கால் வெளித்தெரியும். பனிக்காலத்திற்கு அது ஏற்றதன்று. ஆகவே அவர் புடைவையை விடாமல், குஜராத்தி மாதரைப்போல் கால்வரை மறையும்படி கட்டிக்கொண்டார். மிகச் சிறிய மாறுதல். அதிலும் விவேகமான மாறுதல். ஆனால் குளிரறியாத தூரத்திலிருந்த கணவர் அதற்கும் கடிந்து எழுதினார். அனுப்பி வைத்தவரே அவநம்பிக்கை கொண்டால், போனவர் யாரிடம் முறையிடுவது? பின்னர் கோபாலராவும் அமெரிக்கா வந்து சேர்ந்து, அந்நாட்டாரைக் கண்டித்துப் பிரசங்கங்கள் செய்யலானார். ஆதரித்தவர்கள் முன்னிலையில் அம்மையாருக்கு அது எத்துணைச் சங்கடம் விளைத்திருக்கு மென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மனைவியைப் படிக்கவைத்த பெருமை அவருடையதே என்பதை நாம் மறுக்கவில்லை. அப்பெருமையே மனைவிமீது செலுத்தும் அதிகாரமாக மாறியதைத்தான் வருத்தத்துடன் குறிக்கிறோம்.

இத்தனைக்குமிடையே படிப்பு நிற்கவில்லை. 1885-ஆம் ஆண்டு அக்டோபரில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த கேய் ஒகாமி, சிரியாவிலிருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி, புடைவையணிந்த ஆனந்திபாய் ஆகிய மூவரும் தத்தம் தேசத்து உடையிலே அமர்ந்திருக்கின்றனர். மேனாட்டுக் கல்வியைப் பெற மேனாட்டாராக மாறவேண்டுவதில்லை என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேண்டாம்.

ஆரிய ஹிந்துக்களின் பிரசவ வைத்திய முறையைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, 1886-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வைபவத்தைக் காண உறவினரான பண்டிதை ரமாபாய் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். கோலாப்பூர் சமஸ்தானம் தனது ஆஸ்பத்திரியில் மாதர் பகுதியை அவர் பொறுப்பில் ஒப்படைக்க முன்வந்தது. அவ்வாண்டின் இறுதியில் தாய்நாடு சேர்ந்தார். ஆனால் அப்பதவியை ஏற்க உடல் இடங்கொடுக்கவில்லை. 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி புனாவில் உயிர் நீத்தார். இருபத்திரண்டாவது பிராயம் பூர்த்தியாக ஒரு மாதத்திற்குச் சற்று மேலிருந்தது. அவருடைய சாம்பல் கடல் கடந்து அனுப்பப்பட்டு, நியூயார்க் இராஜ்யத்துப் பொகீப்ஸி நகரில் கார்ப்பெண்டர் குடும்பத்தாரின் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு நோயாளிக்கேனும் கோலாப்பூரில் மருந்து கொடுக்காமல் மறைந்தவரின் வாழ்வு வீணாயிற்றென்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு ஹிந்துப் பெண் கடல் கடந்து கற்கமுடியுமா என்ற கேள்விக்கு அவர் விடை எழுதிச் சென்றார். அவ்விடையை யாரும் அழிக்கவில்லை. ஆயினும் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை நியாயமான விலையென்று நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது. மனவுறுதி இருந்தது, மதியூகம் இருந்தது, கலாசாலையின் அன்பும் இருந்தது. செவ்வையாக எரியும் ஒரு கணப்பும், வேளைக்கு ஏற்ற உணவும், வீட்டிலிருந்து சந்தேகமற்ற ஒரு கடிதமுமே குறைவாயிருந்தன. அவை வாய்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரென்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் அவை வாய்க்கவில்லை யென்ற குறை நம்மை உறுத்தாமலிராது.

இன்று ஆகாய விமானம் ஒரு நாளிலே மாணவரைக் கொண்டுபோய் விடுகிறது. நினைத்த மாத்திரத்தில் முகம் பார்த்துப் பேசவும் வசதியுண்டு. ஆனால் அந்நிய ஊரின் முதற் பனிக்காலம் இன்றும் முதற் பனிக்காலமே. மக்களைத் தூர தேசம் அனுப்பும் தாய் தந்தையர், பாடம் எப்படி, மதிப்பெண் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், அறை கதகதப்பாயிருக்கிறதா, இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்களாக. குளிருக்கேற்ப உடையும், ஊருக்கேற்பப் பழக்கமும் சிறிது மாறினால், அதனைத் துரோகமென்று கொள்ளாதிருப்பார்களாக. நம் ஊருக்குக் கற்க வரும் அந்நிய மாணவருக்கு நம்மில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கார்ப்பெண்டர் அம்மையார் இருக்கட்டும். ஆனந்திபாயின் ஞாபகத்திற்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இதுவே.