அந்தகக்கவி வீரராகவ முதலியார்

தொண்டை நாட்டிலே, செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்துப் பேசப்படும் புலவர் பெருமக்களுள் அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் ஒருவராவார். 17ஆம் நூற்றாண்டினர். தந்தையார் வடுகநாத முதலியார். வீரராகவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். அந்தகன் என்றால் குருடன் என்று பொருள். இன்று ஒருவரை அவ்வாறு அழைத்தால் மனம் நோகும். அவருக்கோ அதனுடன் கவி என்ற சொல்லும் சேர்ந்து, அதுவே பட்டமாகிவிட்டது.

ஆசிரியர் அவருடைய முதுகிலே விரலால் எழுதிக் காட்டி எழுத்துக்களைக் கற்பித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. புள்ளிகளைத் தடவி வாசிக்கும் முறையை லூயி பிரெயில் 1829இல் வெளியிடுவதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முந்திய காலம் அது. எழுத்தறிந்த பின்னரும் ஓலைச்சுவடியை அவரால் வாசிக்க முடியாது. பிறர் வாசிக்கக் கேட்டு நெஞ்சிலே பதித்துக்கொண்டார். தாம் பாடியதைப் பிறர் ஏட்டில் எழுதினர்.

புலமையே பிழைப்பு. ஆதலால் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை வழியில் வைத்திருந்த கட்டுச்சோற்றை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பார்வையற்றவர் எப்படித் துரத்துவார்? பசியோடிருந்த அவர் அதையே பாட்டாக்கினார். வைரவரின் வாகனம் வந்து பிரமனின் வாகனத்தைக் கவ்வி, நாராயணனின் வாகனம்போல் பறந்துவிட்டதாம். பிரமனின் வாகனம் அன்னம், சோறும் அன்னமன்றோ!

அவரது இன்னொரு பாடல், யானையைப் பரிசிலாகப் பெற்று வீடு திரும்பும் பாணனைப் பற்றியது. என்ன கொண்டுவந்தாய் என்று மனைவி கேட்கிறாள். களபம் என்கிறான், சந்தனம் என்றெண்ணிப் பூசிக்கொள்ளச் சொல்கிறாள். மாதங்கம் என்கிறான், நிறையத் தங்கம், இனி வாழ்ந்தோம் என்று மகிழ்கிறாள். வேழம் என்றதும் கரும்பென்று தின்னச் சொல்கிறாள். பகடு என்றதும் எருதென்று உழச் சொல்கிறாள். கம்பமா என்றதும் கம்பு மாவென்று களி கிண்ட நினைக்கிறாள். கடைசியில் கைம்மா என்கிறான். அப்போதுதான் யானையென்று விளங்கிக் கலங்கிப் போகிறாள். தங்களுக்கே சோறில்லாத வீட்டில் யானைக்கு எங்கே போவது? வறுமையை அனுபவித்தவர்க்கே இப்படிச் சிரிக்க வரும்.

கடல் கடந்து நம் ஈழத்துக்கும் வந்து, யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்பர். பரராசசேகரன் என்பது அங்கு ஆண்ட மன்னர் பலர் சூடிய சிம்மாசனப் பெயர். அவ்வரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஆகவே அவர் வருகை அதற்கு முந்தியதாதல் வேண்டும்.

திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர்க் கலம்பகம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலியவற்றோடு திருவாரூர் உலாவும் அவர் அருளியதே. இறைவன் வீதியுலா வர, ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு காதல் கொள்வதைப் பாடுவது உலா. காண்பதே அதற்கு உயிர். பிறவியிலே பார்வையற்றவர் இதனை எவ்வாறு பாடினார்? திருவிழாவிலே கண்ணை மூடி நின்றாலும், மேளமும் சங்கும் அரோகராவும் பூவின் வாசமும் கொண்டு சுவாமி எவ்விடத்தில் வருகிறார் என்பதை நம்மூர் அடியார்களும் அறிவர். அவர் அப்படித்தான் அறிந்திருக்க வேண்டும். மற்றவற்றை உடன் நின்றவர்களும், காதால் கேட்ட முந்தைய உலா நூல்களும் சொல்லியிருக்கும். அந்த உலாவை உ. வே. சாமிநாதையர் 1905இல் அச்சேற்றினார்.