கொடுமுடி ரயிலில் பாடிய குழந்தை – கே.பி.சுந்தராம்பாள் அம்மாவின் சின்ன வயசு

 

ஔவையார் என்று சொன்னாலே நம்ம கண் முன்னாடி வந்து நிற்பது கே.பி.சுந்தராம்பாள் அம்மாதான். நெற்றி நிறைய திருநீறு, வெள்ளைப் புடவை, கையில் கோல், கணீர்னு ஒரு குரல். கோவிச்சுக்கிட்டுப் பழனிக்குப் போன முருகனையே சமாதானம் பண்ணின குரல் அது. அந்தக் குரல் எங்கே வளர்ந்தது தெரியுமா? சொல்கிறேன், பொறுமையா படிங்க.

பெயரில் இருக்கும் 'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது அவருடைய அம்மா பாலாம்பாள். அப்பாவின் எழுத்து அதில் கிடையாது. 1908-ல் பிறந்த இந்தக் குழந்தை ரொம்பச் சின்ன வயசிலேயே அப்பாவை இழந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சோறு போடும் பாரம் முழுக்க அந்த அம்மா தலையில் விழுந்தது.

கொடுமுடி நமக்குத் தெரியாத ஊரா? காவிரிக் கரையில் மகுடேஸ்வரர் கோயில், மூவரும் பாடிய தலம். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கிறவங்க காவிரித் தண்ணீரை முகந்துக்கிட்டுக் கிளம்புற இடம். ஈரோட்டிலிருந்து கரூர் போகிற ரயில் பாதையும் இந்த ஊர் வழியாத்தான் போகுது.

அந்த ரயில்தான் சுந்தராம்பாளுக்கு முதல் மேடை. பெட்டியில் ஏறிப் பாடும், கிடைக்கிற சில்லறையை வீட்டுக்குக் கொண்டுபோகும். யோசிச்சுப் பாருங்க. நீராவி எஞ்சின் சத்தம், சக்கரச் சத்தம், ஜனங்க பேச்சு, இத்தனையையும் தாண்டி ஒரு பிள்ளையின் பாட்டு காதில் விழணும். விழலேன்னா அன்னைக்குச் சாப்பாடு இல்லை.

அப்படி ஒரு பயணத்தில்தான் நடேச ஐயர் என்பவர் இந்தப் பாட்டைக் கேட்டார் என்று சொல்வார்கள். நாடகத்துக்கு நல்ல குரல் தேடிக்கொண்டிருந்தவர் அவர். 1917 வாக்கில் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் குழந்தையைச் சேர்த்துவிட்டார். அப்போ வயசு ஒன்பதுதான்.

முதலில் கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? நல்லதங்காள் நாடகத்தில் அவளுடைய மூத்த பிள்ளை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அங்கேயும் சோறில்லாமல் தவிக்கும் தாயின் கதை அது. அந்தத் தாயிடம் பசிக்குது என்று அழுது பாட வேண்டிய வேஷம். சுந்தராம்பாளுக்கு அந்தப் பசியை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்து மேடையில் மைக் கிடையாது. விடிய விடிய நாடகம் நடக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் பாட்டு கேட்கணும். ரயில் பெட்டியில் பழகின தொண்டைக்கு அது கஷ்டமா இருந்திருக்காது. ஆண் வேஷம், பெண் வேஷம் இரண்டும் போட்டு வளர்ந்தார். கடல் தாண்டி இலங்கைக்கும் போனார். 1926-ல் அங்கே எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்க ஆரம்பித்த பிறகு, இவர்கள் ஜோடிக்காகவே கூட்டம் கூடியது. வள்ளி திருமணம் இவர்கள் பேர் சொல்லும் நாடகமாச்சு.

அடுத்த வருஷமே கிட்டப்பாவுக்கும் அவருக்கும் திருமணம். 1933-ல் கிட்டப்பா காலமானார். அம்மா அன்றைக்கு உடுத்திய வெள்ளையைக் கடைசி வரை மாற்றவில்லை. 1935-ல் வந்த நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். ரயிலில் கை நீட்டிய பிள்ளைக்கு இடையில் ஓடியது பதினெட்டே வருஷம்.

ஔவையார், திருவிளையாடல், கந்தன் கருணை என்று மூன்று படங்களிலும் அவர்தான் ஔவை. கோபித்துக்கொண்டு போன குழந்தையை அவர் கூப்பிடும்போது நம்ம நெஞ்சு கலங்குதே, ஏன்? குழந்தையின் வாட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர் பாடுகிறார், அதனால்தான்.

இந்த முறை கொடுமுடியில் தீர்த்தம் எடுக்கும்போது அம்மாவை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ரயிலில் ஒரு பிள்ளை பாடிக்கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்காதீங்க. எல்லாப் பிள்ளையும் கேபிஎஸ் ஆகப் போவதில்லை. ஆனா பசி எல்லாருக்கும் ஒண்ணுதான். சாப்பிட்டியான்னு கேட்டு, முதலில் ஒரு பொட்டலம் சாப்பாடு வாங்கிக் கொடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!