அண்ணா பெயர் சூட்டிய நாள்

ஹேவ்லாக்: இத்தீவுக்கு சுவராஜ் தீவு என்ற பெயர் 2018-ல் தில்லியிலிருந்து வந்தது. அந்தமானுக்குத்தான் சட்டசபை கிடையாதே! சென்னை மாநிலமோ தன் பெயரைச் சபையில் தீர்மானம் போட்டுக் கேட்டது.

அதைக் கொண்டுவந்தவர் முதலமைச்சர் அண்ணாதுரை. காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்தவர். இளமையில் நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். இக்கோரிக்கைக்காக 76 நாள் உண்ணாவிரதமிருந்து 1956-ல் உயிர்நீத்தார் சங்கரலிங்கனார். 1963-ல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தாவின் மசோதாவை ஆதரித்து அண்ணா வாதாடியும் பலிக்கவில்லை.

1967 ஜூலை 18-ல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அண்ணா மும்முறை தமிழ்நாட்டின் பெயரைச் சொல்ல, உறுப்பினர்கள் கட்சி பாராமல் வாழ்த்தொலி எழுப்பினர். 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் அமலுக்கு வந்தது. புற்றுநோயால் நலிந்திருந்த அண்ணா அதற்குப்பின் வாழ்ந்தது 20 நாட்களே. பிப்ரவரி 3-ல் காலமானார்.