பாஞ்ச்ரா ஆற்றங்கரையில் ஒரு புது இன்ஜினியர்

(மூன்றாமாண்டு மாணவன், சிவில் துறை)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். கூடவே, கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் கவிதை வராது. அதனால் செப்டம்பர் 15 அன்று மாலை போட்டுவிட்டு மறுநாளே நாம் மறந்துவிடுகிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். சர் எம். விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த நாள்தான் பொறியாளர் தினம் என்பது முதலாமாண்டுப் பையனுக்கும் தெரியும். நம் டிராயிங் ஹாலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. தலைப்பாகை, கோட்டு, மூக்குக்கண்ணாடி என்று அதில் அவர் பெரியவராக இருக்கிறார். நான் எழுதப்போவது அந்தப் பெரியவரைப் பற்றி அதிகம் இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் போய் நின்ற பையனைப் பற்றி.

ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். நான் படிப்பதை ஆத்தா இன்றைக்கும் ஓவர்சியர் படிப்பு என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் போன லீவில் ஒரு கட்டட சைட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஐந்தாவது நாள் லெவல் பார்க்கச் சொன்னார்கள். ஸ்டாஃபில் 1.36 என்று இருந்ததை 1.46 என்று படித்துவிட்டேன். போட்ட பி.சி.சி. பத்து சென்டிமீட்டர் உயரமாக நின்றது. அவ்வளவையும் கொத்தி எடுக்கவேண்டியதாயிற்று. மேஸ்திரி, சித்தாள் எல்லாரும் பார்க்க சூப்பர்வைசர் கொடுத்த கொடையை இங்கே எழுத முடியாது. மறுநாள் வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மூன்று நாள் போகவே இல்லை. அந்த மூன்று நாளில்தான் நூலகத்திலிருந்து எடுத்து வந்து படிக்காமல் வைத்திருந்த அவர் வாழ்க்கையைப் படித்தேன்.

1861ஆம் ஆண்டு அன்றைய மைசூர் ராஜ்யத்தில், சிக்கபள்ளாப்பூர் பக்கம் முத்தேனஹள்ளி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சமஸ்கிருதம் கற்றவர், வைத்தியமும் தெரிந்தவர். படிப்பு தெரிந்த வீடுதான், பண வசதி இல்லாத வீடு. மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். பையன் பெங்களூருக்குத் தாய்மாமன் வீட்டை நம்பிப் போனார். சாப்பாடு மாமன் வீட்டில். படுக்கை இன்னொரு வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததற்காக. இரண்டு வீட்டுக்கும் நடுவே நடை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசியே பாதி ராத்திரியைக் கழிக்கும் நாம் (நானும் சேர்த்துத்தான்) இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி அப்போது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1881இல் பி.ஏ. தேறினார். கணக்கில் புலி. கல்லூரி முதல்வர் வாட்டர்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு அவர்மேல் தனிப் பிரியம். இன்ஜினியரிங் படிக்க ஆசை, கையில் காசு இல்லை, படிக்கவேண்டிய இடமோ பூனா. மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் ரங்காசார்லு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அந்த உதவித்தொகை மட்டும் வராமல் இருந்திருந்தால் ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான். ஸ்காலர்ஷிப் பாரத்தில் தலையாரி, வி.ஏ.ஓ. என்று கையெழுத்துக்கு அலைந்த நம்மில் பலருக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

பூனாவில் அறிவியல் கல்லூரி. அங்கே படித்தது எல்.சி.இ. இந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லைசென்ஷியேட் இன் சிவில் இன்ஜினியரிங். பி.இ. கிடையாது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் கொடுத்த தகுதிச் சான்று அது. டிப்ளமாதானே என்று கல்யாண வீட்டில்கூட நம்மைக் கேட்கிறார்களே, அவர்களிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான், அவரிடம் பி.ஏ. வேறு இருந்தது என்பதும், நமக்கு மேத்ஸ் டூ-வில் அரியர் இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது. சரி, விடுங்கள்.

1883 கடைசியில் தேர்வு. மாகாணத்திலேயே முதலிடம், ஜேம்ஸ் பெர்க்லி பரிசும் அவருக்கே. முதலிடம் பெற்றவருக்கு பம்பாய் அரசு வேலை கொடுத்துவிடும். 1884இல் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக நாசிக்கில் சேர்ந்தார். படிக்கக் காசு கொடுத்தது மைசூர், வேலை கொடுத்தது பம்பாய். மைசூருக்கு அவர் திரும்பிப் போனது 25 வருஷம் கழித்துத்தான்.

எல்லாப் புத்தகத்திலும் இந்த இடத்திலிருந்து ஒரே தாவாகக் கிருஷ்ணராஜ சாகருக்குப் போய்விடுகிறார்கள். நான் இங்கேயே கொஞ்சம் நிற்கிறேன்.

நாசிக்குக்குப் பிறகு கான்தேஷ் ஜில்லா. அங்கே பாஞ்ச்ரா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றை ஓர் ஓடைக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். அதற்குக் குழாய் சைஃபன் போடும் வேலை புதுப் பையன் தலையில் விழுந்தது. சைஃபன் என்றால் ஹைட்ராலிக்ஸில் படித்ததுதான். இந்தக் கரையில் தண்ணீர் குழாய்க்குள் இறங்கி, ஓடைப் படுகைக்கு அடியில் போய், அந்தக் கரையில் தானாக ஏறி மறுபடி வாய்க்காலில் விழும். மோட்டார் வேண்டாம். அந்தக் கரை மட்டம் இந்தக் கரையைவிடப் போதுமான அளவு தாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. போர்டில் வரைந்தால் இரண்டு நிமிஷம். படுகையைத் தோண்டிக் குழாய் பதிப்பது வேறு சமாசாரம். மழைக்காலம் வந்துவிட்டது. தோண்டத் தோண்ட வெள்ளம் மணலைக் கொண்டுவந்து மூடியது. செலவு ஏறியது. மழை முடிந்தபின் தொடரலாமே என்று அவர் மேலதிகாரிக்கு எழுதினார்.

நியாயமான யோசனைதான். ஆனால் வந்த பதில் கண்டிப்பாக இருந்தது. வேலையில் சேர்ந்து சில மாதமே ஆன பையன் கீழ்ப்படியத் தயங்குகிறான் என்பதாக அதிகாரி எடுத்துக்கொண்டார். தேர்வில் முதலிடம் என்பது அந்தக் கடிதத்தின் முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை. பூனாவிலிருந்து பரிசோடு வந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளவில்லை அவர். அந்த மழையிலேயே ஆட்களைக் கூட்டி, மூடிய மணலைத் திரும்பத் திரும்ப அள்ளி, சைஃபனை முடித்துக் கொடுத்தார். கண்டித்த அதே அதிகாரி பிறகு பாராட்டினார்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னது சரி, நான் படித்த ரீடிங் தப்பு. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் திட்டு வாங்கிய மறுநாள் காலையில் எழுந்து அதே குழிக்குப் போய் நிற்பது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கஷ்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வேகமாக வளர்ந்தார். சிந்து மாகாணத்தில் சுக்கூர் ஊருக்குக் குடிநீர். 1903இல் பூனா பக்கத்தில் கடக்வாஸ்லா அணையில் தானியங்கி மதகு. நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் ஆள் இல்லாமலே திறக்கும், வடிந்தால் மூடிக்கொள்ளும். மதகைத் திறக்க லஸ்கர் சைக்கிளில் வரவேண்டும் என்று காத்திருக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1908இல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தை அழித்தபோது, இனி வெள்ளம் வராமல் தடுக்க வழி சொல்ல அவரைத்தான் அழைத்தார்கள். 1909இல் மைசூர் தலைமைப் பொறியாளர். 1911இல் காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் வேலை ஆரம்பம். சிமெண்டுக்குப் பதில் சுர்க்கி கலந்த காரையில் எழுந்த அணை அது. 1912 முதல் 1918 வரை திவான். 1955இல் பாரத ரத்னா. 1962 ஏப்ரலில் மறைந்தார்.

அந்த அணையைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் அணை கட்டினவரையா பெருமையாகப் பேசுகிறாய் என்று முறைத்தார். மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அப்படித்தான் கேட்பார். அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானாகத் திறக்கும் மதகு எப்படிடா வேலை செய்கிறது என்று அவரே கேட்டார். தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். எதிர்எடை இருக்கும் இடத்தில் விரலை வைத்து இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. பத்ராவதி இரும்பாலையை நடத்தியதற்காகத் தமக்கு வரவேண்டியிருந்த பணத்தை அவர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பையன்கள் தொழில் படிக்க ஒரு நிலையம் தொடங்கக் கொடுத்தார். 1943இல் பெங்களூரில் அது ஆரம்பமானது. தம் பெயரை வைக்காமல் மகாராஜா ஜெயசாமராஜேந்திரர் பெயரை வைத்தார். அந்த நிலையம் பின்னால் பாலிடெக்னிக் ஆனது. நம்முடையதைப் போல ஒரு பாலிடெக்னிக்.

நாலாம் நாள் காலையில் நான் சைட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஸ்டாஃபைக் கையில் கொடுத்து, மூலையில் போய் நேராகப் பிடி என்றார். ரீடிங் பார்க்க வேறு பையன். ஒரு வாரம் ஸ்டாஃப் மட்டுமே பிடித்தேன். எட்டாவது நாள் லெவல் பக்கம் கூப்பிட்டார். ஒவ்வொரு ரீடிங்கையும் இரண்டு தடவை சத்தமாகப் படித்து எழுதினேன். மேஸ்திரி சிரித்தார். சிரிக்கட்டும்.