மிரியம் ஹாஸ்கெல்: நகையில் பெயர் வந்தது, கம்பெனி கைவிட்டுப் போனது! பழைய கவரிங் நகையின் முத்திரையைப் படிப்பது எப்படி?

தங்கம் வாங்கும்போது முதலில் என்ன பார்ப்பீங்க? ஹால்மார்க். இப்போது அதோடு எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறியீடும் சேர்ந்துவிட்டது. சரி, கவரிங் நகை வாங்கும்போது? பின்பக்கத்தைத் திருப்பிக்கூட பார்க்க மாட்டோம்.

ஆனால், அமெரிக்காவின் பழைய 'காஸ்ட்யூம் ஜுவல்லரி' சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதே பின்பக்கத்தைத்தான். நகையின் விலையைத் தீர்மானிப்பதில் அங்கே இருக்கும் குட்டிப் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் ஆசையாகத் தேடும் பெயர்களில் ஒன்று, மிரியம் ஹாஸ்கெல். சிக்கல் என்னன்னா, அவர் நேரடியாகத் தொழிலை நடத்திய காலத்து நகைகளில் பெரும்பாலும் அந்தப் பெயரே இருக்காது.

யார் இந்த ஹாஸ்கெல்?

1899-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், டெல் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். யூதக் குடும்பம். அப்பா, அம்மா ஜவுளிக்கடை நடத்தினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1924-ல் நியூயார்க் வந்தபோது கையில் இருந்தது 500 டாலர்.

இரண்டே ஆண்டுகளில், 1926-ல், மெக்கால்பின் ஹோட்டலில் சின்னதாக ஒரு நகைக்கடை திறந்தார். தங்கம், வைரம் எதுவும் இல்லை. இத்தாலியின் முரானோ கண்ணாடி மணிகள், பொஹீமியா படிகக் கற்கள், செயற்கை முத்துகள், தங்க முலாம் பூசிய உலோகம். அவ்வளவுதான். வடிவமைப்புக்கு ஃபிராங்க் ஹெஸ் என்பவரைச் சேர்த்துக்கொண்டார்.

1929-ல் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. அசல் நகை வாங்கக் காசில்லாத காலத்திலும், குறைந்த விலையில் அழகாக இருந்த இந்த நகைகள் விற்றன. ஹாலிவுட் நடிகை ஜோன் கிராஃபோர்டும் ஹாஸ்கெல் நகைகளைச் சேர்த்து வைத்தவர்தான். இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது பிளாஸ்டிக், மரம், சிப்பி என்று கம்பெனி மாறிக்கொண்டது.

பெயர் எப்போது வந்தது?

1940-களில், குறுகிய காலத்துக்கு மட்டும், குதிரை லாட வடிவத் தகடு ஒன்றில் 'மிரியம் ஹாஸ்கெல்' என்ற பெயர் வந்தது. பெரும்பாலான நகைகளில் அப்போதும் பெயர் இல்லை.

போருக்குப் பிறகு ஹாஸ்கெலின் உடல்நலமும் மனநலமும் குன்றின. 1950-ல் கம்பெனி அவருடைய சகோதரர் ஜோசப் கைக்குப் போனது. ஜோசப் வந்த பிறகுதான் நகைகளில் வழக்கமாகப் பெயர் பொறிக்க ஆரம்பித்தார்கள். முட்டை வடிவத் தகட்டில் 'மிரியம் ஹாஸ்கெல்'. அதாவது, அவர் பொறுப்பில் இருந்து விலகிய நேரத்தில்தான் அவர் பெயர் நகைகளில் வழக்கமாக ஏறியது! சில ஆண்டுகளில் கம்பெனி குடும்பத்தைவிட்டும் போய்விட்டது. பெயர் மட்டும் தொடர்ந்தது.

1960 வரை வடிவமைத்த ஹெஸ்ஸின் பெயரோ எந்த முத்திரையிலும் இல்லை.

ஹாஸ்கெல் 1981-ல், 82 வயதில் காலமானார்.

அப்போ, எப்படிக் கண்டுபிடிப்பது?

* முத்திரை இருக்கும் இடம்: நெக்லஸ் என்றால் கொக்கி, தோடு என்றால் பின்பக்க கிளிப், ப்ரோச் என்றால் பின்தகடு. ஒரு பூதக்கண்ணாடி போதும்.

* முத்திரையின் வடிவம்: லாட வடிவம் என்றால் 1940-கள். முட்டை வடிவம் என்றால் பெரும்பாலும் 1950-க்குப் பிறகு.

* வட்டத்துக்குள் 'சி' எழுத்து: கவரிங் நகை வடிவங்களுக்கும் பதிப்புரிமை உண்டு என, டிரிஃபாரி நிறுவனம் தொடுத்த வழக்கில் 1955-ல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகே இந்தக் குறி பரவலானது. எந்த அமெரிக்கக் கம்பெனி நகையாக இருந்தாலும், காலத்தைக் கணிக்க இது உதவும்.

* முத்திரையே இல்லையா? வேலைப்பாட்டைப் பாருங்க. ஹாஸ்கெல் நகைகளில் மணிகளைப் பசை போட்டு ஒட்டவில்லை. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் துளைத் தகட்டில் கோர்த்துக் கட்டினார்கள். அந்தக் கம்பி தெரியாமல் இருக்கப் பின்னால் இன்னொரு தகடு. முலாம் பளபளக்காது, பழுப்பேறிய பழைய தங்கம் போல மங்கலாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர்த்தகட்டைக் கழற்றி வேறு நகையில் பொருத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பி காசு கொடுத்துவிடாதீங்க. தகடும் வேலைப்பாடும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்க.

பெயர் இல்லை என்பதற்காக ஒரு நகையை ஒதுக்கியும் விடாதீங்க. ஹாஸ்கெல் தன் கண்ணால் பார்த்து விற்பனைக்கு அனுப்பிய நகை, பெயரே இல்லாத அதுவாகக்கூட இருக்கலாம்.