வெள்ளியின் காற்றைத் தேடிய பாதிரியார்

காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறி வடக்கே சென்றால் ஐந்தாவது நிலையம் பார்க் தெரு. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் செயின்ட் சேவியர் கல்லூரி. நம்மவர்கள் பலர் அதன் வாசலைக் கடந்துதான் ஆபீசுக்குப் போயிருப்பார்கள். அந்தக் கல்லூரியில் விஞ்ஞானத்துக்கு விதை போட்டவர் யூஜின் லாபோன் பாதிரியார்.

பெல்ஜியம் நாட்டில் மோன்ஸ் நகரில் 1837-ல் பிறந்தவர். ஏசு சபைத் துறவி. 1865 இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் வீசிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டிருந்தார்கள். அந்த ரணம் ஊரில் இன்னும் ஆறவில்லை.

லாபோன் கல்லூரி மாடியில் சில கருவிகளை வைத்துக்கொண்டு காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் நாள் தவறாமல் குறித்து வந்தார். 1867 நவம்பர் தொடக்கத்தில் அந்தக் கணக்கு அவரைத் திடுக்கிட வைத்தது. பெரும் புயல் ஒன்று வருகிறது என்று உணர்ந்து அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்தார். புயல் வந்தது; சேதமும் பலமாக இருந்தது. ஆனால் எச்சரிக்கையால் பல உயிர்கள் தப்பின. மாடியில் தினமும் எண்களை எழுதிவைக்கும் சலிப்பான வேலைக்கு அன்றுதான் ஊரார் மதிப்புக் கொடுத்தார்கள்.

1874 டிசம்பர் 9-ம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனின் குறுக்கே கடந்தது. அதைக் காண இத்தாலியிலிருந்து தாக்கினி என்ற வான நூலறிஞர் தம் குழுவுடன் வங்காளம் வந்து, மதுப்பூரில் முகாமிட்டார். அந்த ஊர் இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. லாபோனும் குழுவில் சேர்ந்துகொண்டார். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவியால் சூரியனைப் பார்த்தபோது, வெள்ளியின் காற்றில் நீராவி இருப்பதற்கு அடையாளம் கண்டதாகக் குழுவினர் கருதினார்கள்.

நீராவி என்றால் மழை உண்டு, மழை உண்டென்றால் நம் பூமியைப் போன்ற உலகம் என்று பலர் கனவு கண்ட காலம் அது. பிற்காலத்தில் விண்கலங்கள் போய்ப் பார்த்தபோது கனவு கலைந்தது. 1970-ல் ரஷ்யாவின் வெனிரா-7 அங்கே இறங்கிச் செய்தி அனுப்பியது. தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈயம் உருகிவிடும். காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதைப் போல் 90 மடங்குக்கு மேல். காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமில வாயு. நீராவியோ பெயரளவுக்குத்தான்.

சூரியனுக்கு அருகில் இருப்பதால் சூடு என்று எண்ணிவிடக் கூடாது. கந்தக அமில மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சியது தரையைச் சூடேற்ற, தரை விடும் வெப்பத்தைக் கரியமில வாயு வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மேகம் மூடிய ஆவணி இரவில் காளிகாட் சந்துகளில் புழுங்குகிறதே, அந்தப் புழுக்கத்தை எத்தனையோ மடங்கு பெருக்கினால் ஓரளவு புரியும்.

பூமிக்கு ஏன் இந்த கதி வரவில்லை? இங்கே மழை கரியமில வாயுவைக் கரைத்துப் பாறைமேல் பெய்கிறது. பாறை கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லாகிறது. வெள்ளியில் தண்ணீர் போய்விட்டதால் தரை அந்த வாயுவை இவ்விதம் வாங்கிக்கொள்ள வழியில்லை. எல்லாம் காற்றிலேயே தங்கிவிட்டது. அன்று மதுப்பூரில் தேடிய அந்த நீராவிதான் இரு கிரகங்களின் விதியையும் பிரித்த பொருள்.

இந்த விவரமெல்லாம் லாபோன் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தாக்கினியின் யோசனைப்படி, 1875-ல் நன்கொடை திரட்டிக் கல்லூரியிலேயே வான ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்துக்குத் தூணாக நின்று, பொதுமக்களுக்கு ஆண்டுக்கணக்கில் சோதனைகளோடு சொற்பொழிவு ஆற்றினார். ஜகதீச சந்திர போஸ் அவரிடம் படித்த மாணவர். பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிக் குவித்தவர் அல்ல லாபோன்; அவருடைய சாதனை வகுப்பறையில்தான் இருந்தது.

1908 மே மாதம் டார்ஜிலிங்கில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கணக்கு இலாகா உத்தியோகத்துக்குக் கல்கத்தா வந்திருந்த தமிழ் இளைஞர் சி.வி. ராமன், ஆபீஸ் நேரம் போக, பவ்பஜாரில் இருந்த அதே கழகத்தின் ஆய்வுக் கூடத்துக்குள் நுழைந்திருந்தார்.