பேச்சால் பள்ளிக்கூடம் கண்டவர்



தூதர் என்றதும் கோட்டும் சூட்டும் விருந்தும்தானே ஞாபகத்துக்கு வருது? நான் சொல்லப்போகிறவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பெயரெடுத்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார்!

1869-இல் வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக உயர்ந்தார். பின்பு வாத்தியார் வேலையை விட்டு, 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1921-இல் ஜெனீவா சர்வதேச சங்கத்திலும் வாஷிங்டன் கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதி அவரே.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது தென்னாப்பிரிக்காவால்தான். 1860 முதல் கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். தென்னாற்காட்டிலிருந்து போனவர்களும் ஏராளம். என் ஊர் மணலூர்பேட்டையும் அன்று தென்னாற்காடு ஜில்லாதானே!

உழைப்பு வேணும், ஆள் வேணாம் என்றது அந்த நாட்டு அரசு. இந்தியர்களை ஒதுக்கிவைக்கச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. 1927-இல் கேப்டவுன் ஒப்பந்தத்தால் அந்த மசோதா கைவிடப்பட்டது. காந்தியடிகள் வற்புறுத்தியதால் சாஸ்திரியார் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அங்கே போனார். 1928-இல் கிளார்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தில் கலகக்காரர்கள் வாயுக்குண்டு வெடித்தார்கள். ஆள் அசரவில்லை! அமளி அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார்.

இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாக்கனியாக இருந்தது. அங்கிருந்த இந்தியர்களிடமே பணம் திரட்டினார். 1929-இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே அன்று ஆசிரியர் பயிற்சியும் இருந்தது.

அவரை வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்று ஏசியவர்கள் உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஒப்பந்தத்தில், ஊர் திரும்புகிறவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. நிறவெறியும் பின்னாளில் முற்றத்தான் செய்தது. அதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தை இல்லையென்று சொல்லிவிட முடியுமா? கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் வாத்தியாராக வழி பிறந்ததே!

பின்பு நம் ஜில்லாவின் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தார். 1946-இல் மறைந்தார்.

தோழர்களே! வைவாவில் இங்கிலீஷில் கேள்வி வந்தாலே நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. லேத்தும் மல்டிமீட்டரும் போல மொழியும் ஒரு கருவிதான். பழகப் பழகக் கை வரும். அதை யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் பெருமை இருக்கிறது.